ஹம்பியில் கிஷ்கிந்தை: கதை வரிசையில் பார்க்க முடியுமா? மூன்று நாள் போதுமா?

வைகைக்கரை:

டிசம்பர் இரண்டாம் வாரம் மதுரையிலிருந்து ஹம்பி போகிறோம். மொத்தம் ஐந்து பேர். அம்மாவுக்கு 68 வயது, முழங்கால் வலி உண்டு, நூறு படி என்றாலே யோசிப்பார். பையனுக்கு 11 வயது, ராமாயணம் என்றால் கேள்வி மேல் கேள்வி. கையில் முழுதாக மூன்று நாள் இருக்கிறது.

விஜயநகரத்து அரண்மனைப் பகுதி, விட்டலர் கோவில் எல்லாம் எப்படியும் பார்ப்போம். அதோடு சபரி, சுக்ரீவன், வாலி, அனுமன் கதை நடந்ததாகச் சொல்லும் இடங்களைக் கதை வரிசைப்படியே பையனுக்குக் காட்ட ஆசை. அது நடைமுறையில் முடியுமா? ஆற்றின் எந்தப் பக்கம் தங்குவது? பழைய பயணக் குறிப்புகளில் எல்லாரும் வட கரையில் விருபாபுர கட்டியில் தங்கச் சொல்கிறார்கள். வழிகாட்டிகள் சொல்வதில் எதை நம்பலாம், எதைக் கதையாக மட்டும் கேட்டுக்கொள்ளலாம் என்பதையும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கல்லும்கதையும்:

முதலில் தங்குமிடம். விருபாபுர கட்டியை மறந்துவிடுங்கள். அங்கிருந்த விடுதிகளை உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு 2020இல் இடித்துவிட்டார்கள். அதற்கு முன் எழுதிய குறிப்பு எதுவும் இந்த விஷயத்தில் உதவாது. அம்மாவும் வண்டியும் இருப்பதால் கமலாபுரம் அல்லது ஹொசப்பேட்டைதான் சரி. ஹொசப்பேட்டையிலிருந்து ஹம்பி 13 கி.மீ., கமலாபுரத்திலிருந்து நாலைந்து கி.மீ. விருபாட்சர் கோவிலை ஒட்டிய சின்னச் சின்ன விடுதிகளில் மாடிப்படி செங்குத்தாக இருக்கும், அவர் சிரமப்படுவார்.

மதுரையிலிருந்து பெங்களூர் வரை ரயிலில் வந்து, அங்கே இரவு ஹம்பி எக்ஸ்பிரஸ் பிடித்தால் காலையில் ஹொசப்பேட்டையில் இறங்கலாம். குந்தக்கல் வழி சென்னைக்காரர்களுக்குத் தோது, உங்களுக்குச் சுற்று.

கதை வரிசையில் போக முடியுமா என்றால், முடியும், ஆனால் போகாதீர்கள். பம்பா சரோவரமும் சபரி குகையும் வட கரை. சுக்ரீவன் குகை தென் கரை. வாலி மேல் அம்பு விட்டதாகச் சொல்லும் சிந்தாமணி மறுபடி வட கரை, ஆனெகுந்தியில். சுக்ரீவனுக்கு முடிசூட்டியதாகச் சொல்லும் கோதண்டராமர் கோவில் தென் கரை. ராமர் மழைக்காலம் முடியக் காத்திருந்த மால்யவந்தம் அதே தென் கரையில் இன்னும் கிழக்கே. கதையை அப்படியே பின்தொடர்ந்தால் துங்கபத்திரையை மூன்று முறை கடக்க வேண்டும். சாலை வழி என்றால் புக்கசாகரம் பக்கம் கடேபாகிலு பாலத்தைச் சுற்றித்தான் போக வேண்டும், ஹம்பி கடைத்தெருவிலிருந்து, அனுமன் பிறந்ததாகச் சொல்லும் அஞ்சனாத்ரி மலை அடிவாரத்துக்கே சுமார் 20 கி.மீ. ஆகும். அதனால் கரைவாரியாகப் பிரித்துக்கொண்டு, கதையை வண்டியில் உட்கார்ந்து சொல்லி ஒட்டவைப்பதுதான் நல்லது.

முதல் நாள்: இறங்கி, குளித்து, சாப்பிட்டு, மாலையில் விருபாட்சர் கோவிலும் ஹேமகூடமும். ஹேமகூடம் மலை என்று பேர்தானே தவிர சாய்ந்து கிடக்கும் பாறைத் தளம். கைத்தடி இருந்தால் அம்மாவும் பாதி வரை வரலாம். சிவன் தவமிருந்ததும், மன்மதன் எரிந்ததும், பம்பாவை (பார்வதிக்கு இங்கே அந்தப் பெயர்) மணந்தபோது பொன் மழை பெய்ததும் இங்கேதான் என்பது தலபுராணம். ஹேமம் என்றால் பொன், பெயர் அதனால். மன்மதன் கரும்பு வில்லோடு சிவனைக் குறிவைக்கும் ஓவியம் விருபாட்சர் கோவில் ரங்க மண்டபத்து விதானத்தில் இருக்கிறது. மலையில் நின்று கதையைச் சொல்லிவிட்டுக் கீழே வந்து படத்தைக் காட்டுங்கள்.

இரண்டாம் நாள் காலை: கடைத்தெருவின் கிழக்குக் கோடியில் பெரிய நந்தி. அங்கிருந்து ஆற்றோரமாக விட்டலர் கோவில் வரை சுமார் 2 கி.மீ. நடைபாதை. வண்டி போகாது. வழியில் கோதண்டராமர் கோவில், அதன் பின்னால் மேட்டில் யந்திரோத்தாரக அனுமன், ஆறு திரும்பும் சக்கர தீர்த்தம், எதிர்ப்புறம் ரிஷ்யமூகம், அப்புறம் சுக்ரீவன் குகை எல்லாம் வரிசையாக வரும். நடக்கிறவர்கள் ஏழு மணிக்குக் கிளம்புங்கள். அம்மாவை ஓட்டுநரோடு கமலாபுரம் வழியாக விட்டலர் கோவில் வாகன நிறுத்தத்துக்கு வரச் சொல்லுங்கள். சாலையில் அது 9, 10 கி.மீ. அங்கிருந்து கோவில் வாசல் வரை ஒரு கி.மீ. பேட்டரி வண்டி உண்டு. கோவில் 8.30க்குத் திறக்கும்போது இரு தரப்பும் வாசலில் சந்திக்கலாம். பத்து மணிக்கு மேல் பேட்டரி வண்டி வரிசை நீண்டுவிடும்.

கோதண்டராமர் கோவிலில் ஒரு எச்சரிக்கை. சுக்ரீவன் பட்டாபிஷேகம் நடந்த இடம் என்பார்கள். ஆனால் ஒரே பாறையில் செதுக்கிய ராம லட்சுமணரோடு சீதையும் நிற்பாள். அப்போது சீதை இலங்கையில் அல்லவா இருந்தாள் என்று பையன் கேட்பான். பதிலைத் தயார் செய்துகொண்டு போங்கள்.

விட்டலர் கோவிலில் வாங்கும் 40 ரூபாய்ச் சீட்டு அன்றைக்கே தாமரை மகால் இருக்கும் அந்தப்புர வளாகத்துக்கும் கமலாபுரம் அருங்காட்சியகத்துக்கும் செல்லும். 15 வயதுக்குட்பட்டவர்களுக்குச் சீட்டு வேண்டாம். இலங்கையிலிருந்து உறவினர் யாராவது சேர்ந்து வந்தால் கடவுச்சீட்டைக் காட்டினால் அவர்களுக்கும் அதே 40தான். மற்ற வெளிநாட்டவருக்கு 600. சீட்டைக் கசக்கிப் போட்டுவிட்டு அந்தப்புர வாசலில் மறுபடி வாங்குகிறவர்கள் நிறையப் பேர்.

மாலை மால்யவந்தம். கம்ப்ளி சாலையில் இருக்கிறது, வண்டி கோவில் வாசல் பக்கம் வரை ஏறும். அம்மாவுக்கு இந்தப் பயணத்திலேயே நல்ல இடம் இதுதான் என்பேன். பெரிய பாறை ஒன்றைச் சுற்றிக் கருவறையைக் கட்டியிருக்கிறார்கள், பாறையின் தலை கூரைக்கு மேலே நீட்டிக்கொண்டு நிற்கும், அதன் மேல் சின்ன விமானம். உள்ளே ராமாயணப் பாராயணம் நடந்துகொண்டே இருக்கும். கோவிலுக்குப் பின்னால் பாறைப் பிளவு ஒன்று, ராமர் அம்பு விட்டுத் தண்ணீர் வரவழைத்தது என்பார்கள். ஓரத்தில் வரிசையாகக் குட்டி லிங்கங்களும் நந்திகளும். அஸ்தமனத்துக்கு அரை மணி முன்பே போய் உட்காருங்கள்.

மூன்றாம் நாள் முழுக்க வட கரை. விடியலில் அஞ்சனாத்ரி, பிறகு பம்பா சரோவரம், சபரி குகை, ஆனெகுந்தி, சிந்தாமணி. அஞ்சனாத்ரிக்கு ஏறத்தாழ 575 படி. அம்மா கீழே இருக்கட்டும், அல்லது அந்த நேரம் பம்பா சரோவரத்தில் இருக்கட்டும். குளம் வரை வண்டி போகும், பக்கத்திலேயே லட்சுமி கோவில்.

பரிசல்:

மேலே சொன்னதோடு சில நடைமுறை விஷயம் மட்டும்.

விருபாட்சர் கோவில் படித்துறையிலிருந்து எதிர்க்கரைக்குப் படகு உண்டு. ஆனால் அணையில் தண்ணீர் திறந்தால் அன்றே நிறுத்திவிடுவார்கள், ஜூலை முதல் செப்டம்பர் வரை இது அடிக்கடி நடக்கும். டிசம்பரில் பெரும்பாலும் ஓடும். கடைசிப் படகு மாலை 5.30, 6 மணி வாக்கில். அதைத் தவறவிட்டால் இருட்டில் பாலத்தைச் சுற்றித்தான் திரும்ப வேண்டும். வட்டப் பரிசலில் அம்மாவை ஏற்ற வேண்டாம். ஏறுவது சுலபம், எதிர்க்கரைப் பாறையில் கால் ஊன்றி எழுந்து இறங்குவதுதான் கஷ்டம்.

அஞ்சனாத்ரி குரங்குகள் பிளாஸ்டிக் பை சத்தம் கேட்டாலே வரும். தேங்காய், வாழைப்பழம் எதையும் வெளியே தெரியக் கொண்டுபோகாதீர்கள். மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் மாட்டிக்கொள்ளுங்கள். சனி, ஞாயிறு, செவ்வாய் நாட்களில் படியில் ஆள் மேல் ஆள்தான்.

வழிபாடு நடக்கும் கோவில்களில் மட்டும்தான் செருப்பைக் கழற்ற வேண்டும். விட்டலர் கோவில், அரண்மனைப் பகுதியில் வேண்டாம். டிசம்பரிலும் பதினொரு மணிக்கு மேல் கல் தளம் சுடும், அம்மாவுக்குத் தடித்த காலுறை ஒரு ஜோடி எடுத்துவையுங்கள். அரண்மனைப் பகுதியில் ஒரு இடத்துக்கும் அடுத்த இடத்துக்கும் நடுவே நிழல் கிடையாது, ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் கணக்கு. ஹம்பி கடைத்தெருப் பக்கம் சைவச் சாப்பாடுதான்.

மதங்க மலையை யாரும் இன்னும் சொல்லவில்லை. சூரிய உதயத்துக்கு அதுதான் பேர்போனது, ஆனால் நந்திப் பக்கமிருந்து ஏறும் பாதையில் சில இடங்களில் கையை ஊன்றி ஏற வேண்டும். இருட்டில் தனியாக ஏறக் கூடாது, அச்சுதராயர் கோவில் பக்கம் இறங்கும் படிகள் உடைந்து கிடக்கின்றன. நெற்றி விளக்கு இல்லாமல் பையனைக் கூட்டிப் போகாதீர்கள்.

ஒற்றைக்கல்:

வழிகாட்டிகள் சொல்வது பற்றிக் கேட்டிருந்தீர்கள்.

விட்டலர் கோவில் கல் தேர்: ‘ஒரே கல்லில் செய்தது’ என்பார்கள். இல்லை. பல கற்களை இணைத்தது, இணைப்புகள் வேலைப்பாட்டுக்குள் ஒளிந்திருக்கின்றன. தேர் வடிவில் இருந்தாலும் அது கருடன் சந்நிதி. முன்னால் இருக்கும் யானைகள் அதற்கென்று செய்தவை அல்ல. யானைகளின் பின்னால் குனிந்து பாருங்கள், குதிரைகளின் பின்னங்காலும் வாலும் மிச்சமிருக்கும். மேலே செங்கல் விமானம் ஒன்றும் இருந்தது. அலெக்சாண்டர் கிரீன்லா 1856இல் எடுத்த புகைப்படத்தில் அது தெரிகிறது. இப்போது மொட்டையாக நிற்கும் உருவம்தான் 50 ரூபாய் நோட்டில் ஏறிவிட்டது.

அதே கோவில் இசைத்தூண்: உள்ளே குழல் இருக்கிறது, உலோகம் ஊற்றியிருக்கிறது என்றெல்லாம் சொல்வார்கள். கல்பாக்கம் அணு ஆராய்ச்சி மையத்து விஞ்ஞானிகள் மீயொலி வைத்துச் சோதித்துப் பார்த்தார்கள், தூண்கள் உள்ளே கெட்டிக் கல்தான். மேலும் கீழும் பிணைத்து நடுவில் விடுபட்டு நிற்கும் மெல்லிய தண்டு தட்டினால் அதிர்கிறது. பருமனும் நீளமும் மாறினால் சுரம் மாறும். தட்டித் தட்டியே சேதமானதால் இப்போது தொடவே விடமாட்டார்கள். தட்டிக் காட்டுகிறேன் என்று காசு கேட்பவரிடம் சிக்காதீர்கள். இதே இனத்துத் தூண்கள் உங்கள் மீனாட்சி கோவிலிலேயே இருக்கின்றன.

தலைகீழ் கோபுரம்: இது கதை இல்லை, நிஜம். விருபாட்சர் கருவறைக்குப் பின்னால் ஓர் இருட்டு அறையில் சின்னத் துளை. வெளிச்சம் அதன் வழியே நுழைந்து, கிட்டத்தட்ட 50 மீட்டர் உயரக் கிழக்குக் கோபுரத்தைச் சுவரில் தலைகீழாகக் காட்டும். வெயில் நன்றாக அடிக்கும்போதுதான் தெளிவு. ஒரு வெள்ளைத் துணியையோ காகிதத்தையோ சுவருக்கு முன்னால் பிடித்து முன்னும் பின்னும் நகர்த்தினால் உருவம் பெரிதாவதும் சிறிதாவதும் தெரியும். பையனுக்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது.

பாறைகள்: வானரர்கள் போர் விளையாட்டில் எறிந்தவை என்பது கதை. நிலநடுக்கத்தில் உருண்டவை என்று சிலர் ‘அறிவியல்’ சொல்வார்கள், அதுவும் தப்பு. சுமார் 250 கோடி ஆண்டுப் பழைய கருங்கல் இது. மண்ணுக்கடியில் விரிசல்களில் நீர் இறங்கி மூலைகளைத் தின்று உருட்டிவிட்டது. மேல் மண் அரித்துப் போனதும் உருண்டைகள் இருந்த இடத்திலேயே ஒன்றன் மேல் ஒன்றாக வெளியே தெரிந்தன. பாறை விளிம்புகளில் தபால்தலை அளவுச் சதுரக் குழிகள் வரிசையாக இருப்பதையும் காட்டுங்கள். ஆப்பு இறக்கிக் கல்லைப் பிளந்த இடங்கள் அவை. சில பாறைகளில் குழி வெட்டியதோடு வேலை நின்றுபோயிருக்கும்.

வாலியின் சாம்பல்: விட்டலர் கோவிலுக்குக் கிழக்கே நிம்பாபுரத்தில் ஒரு சாம்பல் மேடு, வாலியை எரித்த இடம் என்பார்கள். பல்லாரிச் சீமையில் இந்த மாதிரிச் சாம்பல் மேடுகள் நிறைய. குடத்தினி, குப்கல் மேடுகள் பெயர் பெற்றவை. புதிய கற்கால மாடு மேய்ப்பர்கள் தொழுவத்துச் சாணத்தைக் குவித்து எரித்ததில் உருவானவை, சூட்டில் உருகிக் கண்ணாடிபோல் இறுகிய கட்டிகளும் கிடைக்கும். எனக்கு ஹம்பியில் மிகப் பிடித்த இடம் அரண்மனை அல்ல, இந்த மேடுதான். இவ்வளவு சாம்பலா என்று மலைத்தவர்கள் அதற்கு ஏற்ற அளவில் ஒரு பிணத்தைத் தேடி வாலியைக் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

முயல் கதை: விஜயநகரத்தை நிறுவிய ஹரிஹரரும் புக்கரும் வேட்டைக்குப் போனபோது முயல் ஒன்று திரும்பி நாய்களையே விரட்டியது, அவர்கள் குரு வித்யாரண்யர் இது வீர மண் என்று சொல்ல 1336இல் நகரம் எழுந்தது என்பார்கள். மதுரைக்காரரான உங்களுக்குக் கேட்ட மாதிரி இருக்குமே? பாஞ்சாலங்குறிச்சிக்கும் இதே கதைதான். அகமதாபாத்துக்கும் இதே கதைதான். கோட்டை கட்டுகிறவர்களுக்கு முயல் எங்கேயும் கிடைக்கிறது.

வைகைக்கரை:

மிக்க நன்றி. இவ்வளவு எதிர்பார்க்கவில்லை. இரண்டே சந்தேகம். மதங்க மலையா, அஞ்சனாத்ரியா? ஒன்றுதான் ஏற முடியும் என்றால் எது? அப்புறம், அனுமன் பிறந்தது திருமலையில் என்று தேவஸ்தானம் அறிவித்ததே, பையன் அதைப் பிடித்துக்கொண்டு கேட்கிறான்.

கல்லும்கதையும்:

பிறந்த ஊர்ச் சண்டை தீராது. திருமலை தேவஸ்தானம் 2021 ஏப்ரலில் ராமநவமி அன்று அங்கிருக்கும் அஞ்சனாத்ரியே பிறப்பிடம் என்று அறிவித்தது, ஆனெகுந்தித் தரப்பு மறுத்தது. நாசிக் பக்கம் அஞ்சனேரிக்காரர்களும் உரிமை கொண்டாடுகிறார்கள். பையனிடம் மூன்றையும் சொல்லிவிடுங்கள்.

மலை எது என்றால், அனுமனுக்காகப் போகிறீர்கள் என்றால் அஞ்சனாத்ரி. படி ஒழுங்காக இருக்கும், மேலே வெள்ளையடித்த சின்னக் கோவில்.

ஒற்றைக்கல்:

இதில் நான் மாறுபடுகிறேன். கதை புரிய வேண்டுமென்றால் மதங்கம்தான். துந்துபி என்ற எருமை வடிவ அரக்கனைக் கொன்று வாலி எறிந்த உடலிலிருந்து ரத்தம் மதங்க முனிவர் ஆசிரமத்தில் தெறித்தது, இந்தப் பக்கம் கால் வைத்தால் சாவாய் என்று அவர் சபித்தார், அதனால்தான் சுக்ரீவன் இங்கே பத்திரமாக ஒளிய முடிந்தது. கம்பர் துந்துபிப் படலம் என்று இதற்குத் தனியாக ஒரு படலமே வைத்திருக்கிறார். அதில் துந்துபியின் எலும்புக்கூட்டைக் காலால் உந்தித் தள்ளுவது இலக்குவன், வால்மீகியில் ராமர். மதங்க மலை உச்சியில் நின்றால் ஆறு, ரிஷ்யமூகம், தூரத்தில் அஞ்சனாத்ரி, கிழக்கே மால்யவந்தம் எல்லாம் ஒரே சுற்றுப் பார்வையில் வந்துவிடும். கதையின் நிலப்படம் அது.

இன்னொன்று. அரண்மனைப் பகுதியின் நடுவே இருக்கும் ஹஜார ராமர் கோவிலைச் சும்மா வைக்கவில்லை. அங்கிருந்து நேர் வடக்கே மதங்க மலை, வடகிழக்கே மால்யவந்தம். ஆய்வாளர்கள் ஜான் ஃப்ரிட்ஸும் ஜார்ஜ் மிச்செலும் நகரத்தை அளந்து இந்த அச்சுகளைக் காட்டினார்கள். அரசர்கள் தங்கள் தலைநகரைக் கிஷ்கிந்தைக்குள் பொருத்தி வைத்தார்கள் என்பது அவர்கள் வாதம். கையில் திசைகாட்டி வைத்துப் பையனே சரிபார்க்கட்டும். கோவிலின் வெளிச்சுவரில் ராமாயணம் மூன்று வரிசையில் ஓடும், முழுதாகப் படிக்க மூன்று முறை வலம் வர வேண்டும். ஏழு மராமரங்களை அம்பு துளைக்கும் காட்சியைத் தேடச் சொல்லுங்கள். வெயில் சாய்வாக விழும் காலை, மாலையில்தான் புடைப்பு நன்றாகத் தெரியும், உச்சிவேளையில் எல்லாம் தட்டையாகிவிடும்.

பரிசல்:

அஞ்சனாத்ரியா மதங்கமா என்று நீங்கள் இருவரும் முடிவு செய்வதற்குள் விடிந்துவிடும். 11 வயதுப் பையன் இரண்டையும் ஏறுவான், பெரியவர்கள்தான் பாவம். இரண்டாம் நாள் விடியலில் மதங்கம், அங்கிருந்து நேராக ஆற்றுப் பாதை. மூன்றாம் நாள் அஞ்சனாத்ரி. எட்டு மணிக்குள் படி ஏறி முடித்துவிட்டால் வெயில் தொல்லை இல்லை.

வழி கேட்க ஒரு குறுக்குவழி: தமிழில் ப-வில் தொடங்கும் பல சொற்கள் கன்னடத்தில் ஹ ஆகிவிடும். பால் ஹாலு, பத்து ஹத்து, புலி ஹுலி. பம்பா ஹம்பெ ஆனதும் அப்படித்தான். மலைக்கு பெட்டா, குட்டா. ‘மால்யவந்த குட்டா’ என்று கேட்டால் ஆட்டோக்காரருக்குப் புரியும்.

கல்லும்கதையும்:

விட்டுப்போன ஒன்று. கமலாபுரம் அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. முற்றத்தில் ஹம்பி முழுவதையும் மலை, ஆறு, கோவிலோடு சின்ன அளவில் செய்து வைத்திருக்கிறார்கள், அம்மா ஏற முடியாத மலைகளை அங்கே சுற்றி வந்தே பார்த்துவிடலாம். உங்கள் இரண்டாம் நாள் வெள்ளிக்கிழமையாக வந்தால் இரண்டாம் நாளையும் மூன்றாம் நாளையும் மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள். சீட்டு ஒரே நாளுக்குத்தான் செல்லும் என்பதால் விட்டலர் கோவிலும் அருங்காட்சியகமும் ஒரே நாளில் வர வேண்டும். மார்கசிர மாதத்தில் பம்பாவுக்கும் விருபாட்சருக்கும் நிச்சயதார்த்தமான பலபூஜை வரும், அந்த நாள் உங்கள் வாரத்தில் விழுகிறதா என்று அறை பதிவு செய்வதற்கு முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.